குடிமறப்புப் பொடியும் மடுவத்துத் தராசும்

சம்பளம் போட்ட மறுநாள் லயத்துப் பக்கம் வருகிறவர்களின் வரிசையில் இப்போது இன்னொருவரும் சேர்ந்துவிட்டார். சீட்டுக்காரர், துணி வியாபாரி, வட்டிக்காரர் என்று இவர்களெல்லாம் வந்து போன பிறகு தோளில் பையோடு குடிமறப்புப் பொடிக்காரர் வருகிறார். ஆண்களிடம் அவருக்குப் பேச்சில்லை. பெண்களிடம்தான் மெதுவாகப் பேசுவார். சோற்றிலோ பிளேன்டீயிலோ கலந்து கொடுத்தால் போதும், அவருக்குத் தெரியவே வேண்டாம், 21 நாளில் தவறணைப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார் என்பார். கையில் ஒரு துண்டுப் பிரசுரமும் உண்டு. நூற்றுக்கு 95 பேர் குடியை விட்டார்கள் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. மூன்று பொட்டலம் வாங்கினால் ஒரு கிழமைச் சம்பளம் போய்விடும்.

இது லயத்து வாசலோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நமது நலன்புரி நிதியிலிருந்து பணம் ஒதுக்கி, இதே மாதிரியான ஓர் ஏற்பாட்டாளரைக் கொண்டு தோட்டந்தோறும் ‘குடிமறப்பு முகாம்’ நடத்தலாம் என்று ஒரு யோசனை கமிட்டியில் வைக்கப்பட்டிருக்கிறது. அது நல்ல நோக்கத்தோடு வந்த யோசனை, அதைக் கொண்டுவந்த தோழர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நிதி நமது சந்தாப் பணம். மழையில் நனைந்து கொழுந்து பறித்தவரின் சம்பளத்தில் பிடித்த காசு. அதை எதற்குக் கொடுத்தாலும், கொடுக்கிற பொருள் வேலை செய்யுமா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்கவேண்டும். நான் கேட்டுப் பார்த்த வரையில் இந்த யோசனைக்கு வாக்களிக்க முடியாது என்பதுதான் என் முடிவு. அதற்கான காரணங்களை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து ஆள் என்றாலே குடிகாரன் என்று பேசுகிறவர்கள் துரை பங்களாவிலும் இருக்கிறார்கள், டவுனிலும் இருக்கிறார்கள். சம்பள உயர்வு கேட்டால் ‘கொடுத்தால் குடிக்கத்தானே போகிறான்’ என்பது அவர்களுக்குப் பழகிப்போன பதில். கொழும்பில் கண்ணாடிக் கிளாசில் ஊற்றிக் குடிப்பவருக்கு இந்தப் பேச்சு கிடையாது. அவர்களுக்குத் தீனி போடுவதற்காக நான் இதை எழுதவில்லை. குடியிலிருந்து மீளமுடியாமல் மாட்டிக்கொள்வது ஒரு நோய். நோய்க்கு வைத்தியம் உண்டு. அந்த வைத்தியத்தில் எது உண்மை, எது ஏமாற்று என்று தெரிந்துகொள்ள நமக்கும் உரிமை உண்டு.

பொடி வாங்குகிற அக்காமாரையும் யாரும் ஏளனம் செய்யவேண்டாம். பிள்ளையின் பள்ளிக்கூடச் சப்பாத்துக் காசு தவறணைக்குப் போகும்போது, காதுத்தோடு அடகுக்கடையில் இருக்கும்போது, ‘தெரியாமல் கலந்து கொடுத்தால் போதும்’ என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் ஆசை வராது? அந்த ஆசையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

சரி, அந்த 95க்கு வருவோம். இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கொழுந்து மடுவத்தில் நின்றவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். தராசு 22 கிலோ காட்டினால் அது 22 கிலோ கொழுந்தல்ல. கூடையின் எடையையும் சேர்த்துத்தான் தராசு காட்டுகிறது. அதைக் கழித்தால்தான் கொழுந்து எவ்வளவு என்று தெரியும். (கூடைக்கும் ஈரத்துக்கும் என்று சொல்லி எத்தனை கிலோ வெட்டுகிறார்கள் என்ற சண்டை வேறு, அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம்.) பொடிக்காரர் சொல்கிற 95 கூடையோடு நிறுத்த எடை. கழிக்கவேண்டியது எவ்வளவு என்று அவர் சொல்வதில்லை.

குடி விஷயத்தில் கூடை எது? எந்த மருந்தும் இல்லாமலே குடியை விட்டிருக்கக் கூடியவர்கள்தான். ஒருவர் வைத்தியம் தேடி வருவது பெரும்பாலும் அவருடைய நிலைமை மிக மோசமாக இருக்கிற சமயத்தில். வேலை போயிருக்கும், மனைவி தாய் வீட்டுக்குப் போயிருப்பார், வைத்தியசாலையில் படுத்து எழும்பியிருப்பார். அந்த நேரத்தில் பலர் தாங்களாகவே குடியைக் குறைப்பார்கள். யாராவது உட்கார்ந்து ஆறுதலாகப் பேசினாலே இன்னும் சிலர் குறைப்பார்கள். அந்தச் சமயத்தில் ஒருவருக்கு வெறும் கோதுமை மாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாலும், கொடுத்தவர் பெயர் வாங்கிவிடுவார்.

இந்தக் கூடை எடையைக் கழிப்பதற்கு ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நோயாளர்களைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு கூட்டமாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு உண்மை மாத்திரை. மற்றதற்கு அதே நிறம், அதே அளவில் மருந்தில்லாத வெறும் மாத்திரை. எது யாருக்கு என்று நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்த்துக் கணக்கு எடுக்கிறவருக்கும் தெரியாது. இரண்டு கூட்டத்துக்கும் இடையே கடைசியில் எவ்வளவு வித்தியாசம் வருகிறதோ, அதுதான் மருந்தின் சொந்த எடை.

நல்ட்ரெக்சோன் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. குடித்தால் வருகிற அந்த இன்பத்தை மூளையில் மங்கச் செய்வது அதன் வேலை. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 70 முன்னாள் படைவீரர்களிடம் இதைச் சோதித்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். 12 கிழமைக்குள் மறுபடி மோசமான குடிக்குத் திரும்பியவர்கள் மருந்து எடுத்த கூட்டத்தில் நூற்றுக்கு 23 பேர், வெறும் மாத்திரை எடுத்த கூட்டத்தில் நூற்றுக்கு 54 பேர். நல்ல வித்தியாசம். ஆனால் அந்த 54ஐ மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். வெறும் மாத்திரை போட்டவர்களிலும் நூற்றுக்கு 46 பேர் அந்த 12 கிழமையும் மோசமான குடிக்குப் போகவில்லை. அவர்களுக்கும் ஆலோசனை கிடைத்தது, கிழமைக்குக் கிழமை யாரோ கவனித்தார்கள், அது உண்மை. ஆனால் மாத்திரையில் ஒன்றும் இல்லை. அந்தக் கூட்டத்துக்கு மாத்திரை கொடுத்தவர் நம்மூருக்கு வந்திருந்தால், ‘பாதிப் பேரைக் குணமாக்கினேன்’ என்று துண்டுப் பிரசுரம் அடித்திருப்பார், அதில் பொய்யும் இருந்திருக்காது.

அந்த 70 பேரை வைத்து முடிவு செய்தால் அதுவும் அவசரம்தான். 2001இல் அதே அமெரிக்காவில் 627 முன்னாள் படைவீரர்களிடம் பெரிய அளவில் சோதித்தபோது, நல்ட்ரெக்சோனுக்கும் வெறும் மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. அவர்கள் பல வருடமாகக் கடுமையாகக் குடித்தவர்கள். 2006இல் 1,383 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில் நல்ட்ரெக்சோன் உதவியது, ஆனால் அகாம்ப்ரோசேட் என்ற மற்றொரு மருந்து உதவவில்லை. ஐரோப்பாவில் முன்பு நடந்த ஆய்வுகளிலோ அகாம்ப்ரோசேட் நன்றாக வேலை செய்திருந்தது. இப்படி ஒன்றுக்கொன்று முரணாக வருவதைப் பார்த்து ‘எல்லாம் பொய்’ என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. ஒரு மலையில் ஒரு நாள் பறித்த கொழுந்தை வைத்து அந்தத் தோட்டத்தின் வருட விளைச்சலைச் சொல்லமுடியாது, எல்லா மலையையும் எல்லா மாதத்தையும் கூட்டவேண்டும்.

அப்படிக் கூட்டிய கணக்கு ஒன்று 2023இல் வந்தது. 118 ஆய்வுகள், கிட்டத்தட்ட 21 ஆயிரம் பேர். அதில் கிடைத்த முடிவை இப்படிச் சொல்லலாம். 11 பேர் அகாம்ப்ரோசேட் எடுத்தால், மருந்து இல்லாவிட்டால் மறுபடி குடித்திருக்கக் கூடிய ஒருவர் குடிக்காமல் தப்புகிறார். நல்ட்ரெக்சோன் 11 பேர் எடுத்தால், மோசமான குடிக்குத் திரும்பியிருக்கக் கூடிய ஒருவர் தப்புகிறார். மீதிப் பத்துப் பேரும் தோற்றார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களில் சிலர் மருந்து இல்லாமலே விட்டிருப்பார்கள், சிலர் மருந்து எடுத்தும் விடமாட்டார்கள். மருந்தினால் கூடுதலாகக் கிடைத்தது அந்த ஒருவர்.

இது சின்ன எடை என்று தோன்றும். வைத்திய உலகத்தில் இது மோசமான கணக்கே அல்ல, பிரஷருக்கு நாம் வருடக்கணக்கில் போடுகிற மாத்திரைகளில் பல இதைவிடக் குறைவான பேரைத்தான் காப்பாற்றுகின்றன. கழிக்கவேண்டியதையெல்லாம் கழித்து உலகம் முழுவதும் இவ்வளவு ஆய்வு செய்தபின் கிடைத்த எடை பதினொன்றுக்கு ஒன்று. பையில் பொட்டலத்தோடு வருகிறவர் நூற்றுக்கு 95 என்கிறார். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

அடுத்தது, எப்போது எண்ணினார்கள் என்ற கேள்வி. இது நமது பக்கத்தில் எல்லோரும் கண்ணால் பார்க்கிற விஷயம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். வருடம் முழுக்கத் தள்ளாடியவர் காலையில் குளித்து விபூதி பூசிச் சாமி கும்பிட்டு நிற்பார். நாற்பதாவது நாள் எண்ணினால் நூற்றுக்கு நூறு வெற்றி. தை பிறந்த பிறகு எண்ணிப் பாருங்கள். விரதத்தை நான் குறை சொல்லவில்லை, குடியை விடமுடியும் என்று அந்த ஆளுக்கே காட்டுகிற பெரிய காரியம் அது. ஆனால் 21 நாளில் எண்ணிவிட்டு ஓடுகிற வியாபாரியின் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. ஒரு வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப்போய் எண்ணியிருந்தால் பேசலாம்.

யாரை எண்ணாமல் விட்டார்கள் என்பதையும் கேளுங்கள். குடிநோயாளர்களை வைத்துப் பார்க்கிற சில தனியார் ஹோம்களின் கணக்கு ‘பயிற்சியை முழுமையாக முடித்தவர்களில்’ என்று தொடங்கும். நூறு பேர் உள்ளே போய், அறுபது பேர் இடையில் ஓடிவந்து, நாற்பது பேர் முடித்து, அதில் முப்பது பேர் குடியை விட்டால், அவர்கள் சொல்வது நூற்றுக்கு 75. உண்மையில் அது நூற்றுக்கு 30. காலையில் பெரட்டுக்கு வந்தவர்களையெல்லாம் எண்ணவேண்டும், மாலையில் நிறுவைக்கு நின்றவர்களை மட்டும் எண்ணினால் அது கணக்கல்ல.

இனி, காசு நஷ்டத்தைவிடப் பெரிய விஷயத்துக்கு வருகிறேன். தெரியாமல் கலந்து கொடுக்கிற விஷயம்.

குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. டைசல்பிராம் என்பது அதன் பெயர். அதன் கதை நமது இறப்பர் தோட்டத்துத் தோழர்களுக்குக் கொஞ்சம் நெருக்கமானது. இறப்பரைப் பதப்படுத்தும் வேலையில் பயன்படுகிற ஒரு குடும்பத்து இரசாயனம் அது. 1937இல் அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை வைத்தியர் எழுதினார், இந்த வகை இரசாயனத்தோடு வேலை செய்கிற தொழிலாளர்கள் மதுவைத் தொட்டால் முகம் சிவந்து உடம்பு படபடத்து நோயாகிவிடுகிறார்கள் என்று. தொழிலாளியின் உடம்பில்தான் அது முதலில் தெரிந்தது. பிறகு 1940களில் டென்மார்க்கில், கொப்பன்ஹேகன் நகரத்தில், இரண்டு ஆய்வாளர்கள் இதைப் புழு மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று தாங்களே விழுங்கிப் பார்த்துவிட்டு, விருந்தில் குடித்தபோது அதே கதிக்கு ஆளானார்கள். 1948இல் அது குடிநோய்க்கு மருந்தாக அறிமுகமானது.

மது உடம்புக்குள் போய் உடைகிறபோது இடையில் ஒரு நச்சுப் பொருள் உண்டாகும். சாதாரணமாக ஈரல் அதை உடனே அகற்றிவிடும். டைசல்பிராம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. நச்சு தேங்கும். முகம் கொதிக்கும், வாந்தி வரும், நெஞ்சு அடிக்கும், பிரஷர் விழும். இருதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். ஆரம்ப காலத்தில் பெரிய அளவில் கொடுத்தபோது மரணங்களும் நடந்தன.

இந்த மருந்தைப் பற்றி 1986இல் வந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. 605 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு முழு அளவு, 250 மில்லிகிராம். இன்னொன்றுக்கு 1 மில்லிகிராம் மட்டும், அது உடம்பை ஒன்றும் செய்யாது, ஆனால் தாங்கள் டைசல்பிராம் எடுக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும், குடித்தால் ஆபத்து என்ற பயமும் இருக்கும். மூன்றாவது கூட்டத்துக்கு விட்டமின் மட்டும். ஒரு வருடம் பார்த்தார்கள். முற்றாகக் குடியை விட்டவர்களின் எண்ணிக்கையில் மூன்று கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இடையில் குடித்தவர்களை எடுத்துக்கொண்டால், முழு அளவு எடுத்தவர்கள் வருடத்தில் சுமார் 49 நாள் குடித்தார்கள், மற்ற இரண்டு கூட்டமும் 75 நாளும் 86 நாளும். அதாவது குடித்த நாட்கள் குறைந்தன. எல்லாவற்றையும்விட முக்கியமானது, எந்தக் கூட்டமாக இருந்தாலும் கொடுத்ததை ஒழுங்காக எடுத்தவர்களே கூடுதலாகக் குடியை விட்டார்கள். விட்டமின் எடுத்தவர்களும்கூட! விடவேண்டும் என்ற மனம் உள்ளவர் மாத்திரையையும் ஒழுங்காக எடுக்கிறார்.

இதற்குப் பிறகு வந்த ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, டைசல்பிராம் கூடுதலாக வேலை செய்தது எங்கே தெரியுமா? தான் அதை எடுக்கிறோம் என்று அந்த ஆளுக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மனைவியோ தாதியோ பார்க்க அதை விழுங்கிய இடங்களில். குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருப்பதுதான் அவரைத் தடுக்கிறது. அப்படியானால் தெரியாமல் கலந்து கொடுத்தால் என்ன நடக்கும்? தடுக்கிற பயமும் இருக்காது. சம்பள நாளில் அவர் வழக்கம்போலக் கசிப்பு கால் போத்தல் குடிப்பார், தவறணை வாசலிலேயே விழுவார். ஏன் விழுந்தார் என்று தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. வெறும் வேர்ப்பொடி என்றால் கிழமைச் சம்பளத்தோடு போயிற்று. வேறேதாவது இரசாயனம் கலந்திருந்தால் அக்காமாரே, கணவரின் உயிரோடு விளையாடுகிற பொறுப்பு கொடுத்தவர் தலையில் விழும், விற்றவர் அடுத்த தோட்டத்துக்குப் போயிருப்பார். அதனால் எக்காரணம் கொண்டும் தெரியாமல் எதையும் கலந்து கொடுக்காதீர்கள்.

முகாம் யோசனையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘இன்றோடு விட்டேன்’ என்று எல்லோரையும் வரிசையில் நிற்கவைத்துச் சத்தியம் வாங்குவது அந்த நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. எப்போதாவது குடிப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வருடக்கணக்காகத் தினமும் காலையிலேயே குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டொரு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் தடுமாறி, இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு கொதித்து, உயிரும் போகலாம். பேய் பிடித்தது என்று பூசாரியைத் தேடி ஓடுகிற வேலை அல்ல இது. இப்படிப்பட்டவர் வைத்தியசாலையில் இருந்துதான் குடியை நிறுத்தவேண்டும். அங்கே வலிப்பு வராமல் மருந்து கொடுப்பார்கள், தயமின் என்ற விட்டமின் ஏற்றுவார்கள். நிறுத்தியவருக்கு நடுக்கம் கூடிப் பிதற்றத் தொடங்கினால் 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

அப்படியானால் தோட்டத்தில் ஒன்றுமே செய்யமுடியாதா? முடியும் என்று காட்டிய ஒரு வேலை இந்தியாவில், கோவாவில் நடந்தது. அங்கே அரசாங்கத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஏதோ ஒரு நோய்க்காக வந்த ஆண்களில், குடி அளவு மீறிப் போயிருந்த 377 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டுக் குலுக்கல்படி பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றப் பாதிப் பேருக்கு அதோடு சேர்த்து ஆலோசனை, அதிகபட்சம் நான்கு தடவை. ஆலோசனை சொன்னவர்கள் வைத்தியர்களும் அல்ல, மனநலம் படித்தவர்களும் அல்ல. அந்த ஊரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த சாதாரண ஆட்கள். குடியினால் என்ன நடக்கிறது என்று அந்த ஆளையே பேசவைப்பது, எந்த நேரத்தில் எந்தக் கூட்டாளியோடு ஆசை வருகிறது என்று பார்ப்பது, ‘வா மச்சான்’ என்று இழுத்தால் எப்படி மறுப்பது என்று பழக்குவது, இவ்வளவுதான்.

மூன்று மாதம் கழித்து, கடைசி 14 நாளில் ஒரு சொட்டும் குடிக்காதவர்கள் ஆலோசனை பெற்ற கூட்டத்தில் நூற்றுக்கு 42 பேர், மற்றதில் 18 பேர். ஒரு வருடம் கழித்தும் தேடிப்போய் எண்ணினார்கள். 45க்கு 26. கூடையைக் கழித்தாயிற்று, வருடக் கடைசியிலும் எண்ணியாயிற்று. 2017இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. இவர்கள் முற்றாகக் குடிக்கு அடிமையானவர்கள் அல்ல, அதற்கு முந்திய படியில் நின்றவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நமது லயங்களில் கூடுதலாக இருப்பவர்களும் அந்தப் படியில் நிற்பவர்கள்தான் என்று நான் நினைக்கிறேன். அவர்கள் விழுவதற்கு முன்னால் பிடிப்பது சுலபம், செலவும் குறைவு.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. மாதர் சங்கத் தலைவிகள் அதைக் கவனிக்கவேண்டும். குடி குறைந்த அந்த மூன்று மாதத்தில், மனைவியை அடிப்பது குறைந்ததாகத் தெரியவில்லை. குடி நின்றால் அடியும் நின்றுவிடும் என்று பொறுத்துக்கொண்டு எத்தனை பெண்கள் காத்திருக்கிறார்கள்! அடி என்பது தனிக் குற்றம். அதற்குக் குடி சாட்டும் அல்ல, மன்னிப்பும் அல்ல. குடிக்கு வைத்தியம் நடக்கட்டும், அது நடக்கிறவரை காத்திராமல் அடிக்கு முறைப்பாடு செய்யலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

காசில்லாமல் கிடைக்கிற இன்னொரு வழியும் உண்டு. குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற ஏ.ஏ. கூட்டம். ‘பேசினால் குடி போகுமா’ என்று நானும் பலர் கேட்கக் கேட்டிருக்கிறேன். 27 ஆய்வுகளைக் கூட்டிய 2020ஆம் வருடத்து மதிப்பீட்டின்படி, இந்தக் கூட்டங்களுக்குப் போக வழிகாட்டி அனுப்பியவர்களில் ஒரு வருடம் கழித்துக் குடிக்காமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 42 பேர், மற்ற ஆலோசனை முறைகளில் 35 பேர். ஒரு மேசை, நாலு கதிரை, பிளேன்டீ. கோயில் மண்டபத்திலோ பிள்ளை மடுவத்திலோ கிழமைக்கு ஒரு நாள் இடம் கொடுத்தால் போதும்.

ஆகவே கமிட்டிக்கு நான் வைக்கிற மாற்று யோசனை இது. நலன்புரி நிதியில் முகாமுக்கு என்று கேட்ட பணத்தை முகாமுக்குக் கொடுக்கவேண்டாம். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பேரை, ஓர் ஆண் ஒரு பெண், ஆலோசனைப் பயிற்சிக்கு அனுப்ப அதைப் பயன்படுத்துவோம். பயிற்சியை மாவட்ட வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளிடம் கேட்போம். பயிற்சி பெற்றவர் ஒருவரோடு பேசுகிற நாளுக்குத் தோட்ட நிர்வாகம் பேர் போடவேண்டும் என்பதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைப்போம். தவறணைக்கு லைசன் கொடுத்து வரி வாங்குகிற அரசாங்கத்திடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு. நல்ட்ரெக்சோனையும் அகாம்ப்ரோசேட்டையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மலையகத்தின் அரச வைத்தியசாலைகளில் இவை ஒழுங்காகக் கையிருப்பில் இருக்கவேண்டும் என்று சங்கத்தின் பெயரில் சுகாதார அமைச்சுக்குக் கடிதம் போகட்டும். ஈரல் கெட்டவருக்கும் சிறுநீரகம் கெட்டவருக்கும் எதைக் கொடுப்பது என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்கவேண்டும், அதனால் பார்மசியில் தானாக வாங்கிப் போடுவதற்கு இவை வேண்டாம். அதுவரை மனநல உதவி இலக்கமான 1926க்கு இரவிலும் பேசலாம்.

முகாம் ஏற்பாட்டாளர் அடுத்த கூட்டத்துக்கு நேரில் வந்து விளக்கம் சொல்லப்போவதாக அறிகிறேன். வரட்டும். போன வருடம் அவர் முகாம் நடத்திய தோட்டங்களின் பெயர்ப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேரை இந்த வருடம் மறுபடி போய்ப் பார்த்தார், பார்த்தது அவரா வேறு ஒருவரா, பொட்டலம் வாங்காத லயத்தில் அதே காலத்தில் எத்தனை பேர் குடியை விட்டார்கள் என்று கேளுங்கள். பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கூட்டத்துக்குத் தலைவர்மார் மட்டுமல்லாமல் மாதர் சங்கத் தலைவிகளும் கட்டாயம் வரவேண்டும், பொடிக்காரர் பேசுவது அவர்களிடம்தானே.